மடிக்கணினியோடு ஸ்பெயினுக்கு: வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையம் வழியே வேலை பார்த்துக்கொண்டே ஸ்பெயினில் குடியிருக்க அனுமதி தரும் ‘டிஜிட்டல் நோமட்’ விசா பற்றிச் சென்ற இதழில் அரைப்பக்கக் குறிப்பு போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பலருக்கும் பொதுவானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்த அனுமதியின் அடிப்படை, 2022 டிசம்பரில் ஸ்பெயின் நிறைவேற்றிய 28/2022 என்ற ‘ஸ்டார்ட்அப்’ சட்டம். கீழே வரும் தொகைகள் 2025-ம் ஆண்டுக் கணக்கு. குறைந்தபட்ச ஊதியம் உயரும்போது இவையும் உயரும்.

கோவை வாசகர்: மாதம் 2.4 லட்சம் ரூபாய் சம்பளம். மனைவி, இரண்டு பிள்ளைகள். இந்தச் சம்பளம் போதுமா?

போதாது. தனியாளாகப் போனாலும் போதாது.

2025-இல் ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியம் 1,184 யூரோ. அங்கே ஆண்டுக்கு 14 சம்பளம். கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று கூடுதலாக வரும். ஆக ஆண்டுக்கு 16,576 யூரோ. பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 1,381 யூரோ 33 சென்ட். விண்ணப்பதாரர் இதைப்போல் இரு மடங்கு, அதாவது மாதம் ஏறத்தாழ 2,763 யூரோ காட்ட வேண்டும். உடன் வரும் முதல் நபருக்கு 75 சதவீதம் (1,036 யூரோ), அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 25 சதவீதம் (345 யூரோ). உங்கள் குடும்பத்துக்குக் கூட்டினால் 4,489 யூரோ. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் நாலரை லட்சம்.

ஒப்பந்தத்தில் உள்ள தொகையை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிடாதீர்கள். அதிகாரி ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். பி.எஃப்., வருமான வரி எல்லாம் பிடித்தது போகக் கணக்கில் விழும் தொகை வரம்புக்குக் கீழே இருந்தால் கேள்வி வரும். ஆண்டு இறுதி போனஸையும் ‘வேரியபிள்’ தொகையையும் நம்பிக் கணக்குப் போடாதீர்கள். ரூபாயில் சம்பளம் வாங்குபவர்கள் வரம்புக்கு மேல் பத்து சதவீதமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும் மாதத்தில் யூரோ ஐந்து ரூபாய் ஏறினால், நேற்றுப் போதுமானதாக இருந்த சம்பளம் இன்று போதாது.

சென்னை, பெருங்குடி வாசகி: சம்பளம் தகுதிக்கு மேல். நிறுவனமும் ‘எங்கிருந்தும் வேலை செய்யலாம்’ என்று கடிதம் தந்துவிட்டது. ஆனால் ஆலோசகர் ஒருவர் ‘சமூகப் பாதுகாப்புச் சான்று இல்லாமல் நடக்காது’ என்கிறார். பயமுறுத்துகிறாரா?

அவர் சொல்வது சரி. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மாதச் சம்பளக்காரர்கள் அதிகம் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

ஸ்பெயினில் உட்கார்ந்து வேலை செய்பவர் அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் சந்தா கட்ட வேண்டும் என்பது பொது விதி. சொந்த நாட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கலாம் என்ற விலக்கு, இரு நாடுகளுக்கும் ஒப்பந்தம் இருந்தால்தான் கிடைக்கும். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஸ்பெயினோடு ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்கு இல்லை. போர்த்துகல், ஜெர்மனி, பிரான்சு போன்ற நாடுகளுக்கு நம் இ.பி.எஃப்.ஓ. (வருங்கால வைப்பு நிதி) அலுவலகம் தரும் ‘கவரேஜ் சான்று’, அதாவது இங்கேயே சந்தா கட்டுகிறார் என்ற சான்று, ஸ்பெயினுக்குத் தரப்படுவதே இல்லை. இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதிவைத்த வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

மிச்சமிருப்பவை இரண்டே வழிகள்.

முதலாவது, உங்கள் நிறுவனம் ஸ்பெயினின் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் வெளிநாட்டு முதலாளியாகப் பதிவு செய்துகொள்வது. கிளை தொடங்க வேண்டியதில்லை. நிறுவனத்துக்கு ஒரு ஸ்பெயின் வரி எண், அங்கே ஒரு பிரதிநிதி, சந்தா கட்டுவதற்கான முதலாளிக் கணக்கு எண், இவ்வளவு போதும். செலவுதான் பெரிது. முதலாளி பங்கு மட்டும் மொத்தச் சம்பளத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேல். ஊழியர் பங்கு 6.5 சதவீதத்தை ஒட்டி. 3,000 யூரோ சம்பளத்துக்கு நிறுவனம் கூடுதலாக 900 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும். ஓர் ஊழியருக்காக இதைச் செய்ய மனிதவளத் துறை முன்வருவது அபூர்வம். தவிர, ஊழியர் ஒருவர் அங்கே நிரந்தரமாக உட்கார்ந்தால் நிறுவனத்துக்கே ஸ்பெயினில் வரிக் கடமை வந்துவிடுமோ என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. உங்கள் வேலை விற்பனையோ ஒப்பந்தம் போடுவதோ என்றால் அந்த அச்சத்தில் நியாயமும் உண்டு.

இரண்டாவது, ஊழியர் என்ற நிலையை விட்டுவிட்டு அதே நிறுவனத்துக்கு ஒப்பந்ததாரராக மாறுவது. அப்போது நீங்களே ஸ்பெயினில் ‘அவுத்தோனமோ’, அதாவது சுயதொழிலாளர் என்று பதிவு செய்து சந்தா கட்டலாம். பதிவு செய்வேன் என்ற உறுதிமொழியை விண்ணப்பத்தோடு வைத்தால் போதும். இந்தியர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போக வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது குறைந்தது மூன்று மாதத் தொழில் உறவு. ஊழியராக ஏழு ஆண்டு இருந்துவிட்டுப் போன வாரம் ஒப்பந்ததாரராக மாறியவரின் ஏழு ஆண்டையும் அதிகாரி கணக்கில் எடுப்பார் என்று நம்ப முடியாது. மாறிய பிறகு மூன்று மாதம் விலைப்பட்டியல் அனுப்பி, பணம் வந்ததைக் காட்டி, அதன்பின் விண்ணப்பியுங்கள். பணிக்கொடைக்கு உரிய ஐந்து ஆண்டு நிறைய ஓரிரு மாதமே பாக்கி என்றால், அது முடிந்தபின் மாறுங்கள்.

மூன்றாவதாக ஒன்றைச் சிலர் விற்கிறார்கள்: ஸ்பெயினில் உள்ள ஓர் இடைநிலை நிறுவனம் உங்களை ஊழியராகக் காட்டி, உங்கள் இந்திய நிறுவனத்துக்கு வாடகைக்கு விடுவது. அப்படிச் செய்தால் உங்கள் முதலாளி ஸ்பெயின் நிறுவனம் ஆகிவிடுகிறது. இந்த விசாவோ வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களுக்கானது. பணத்தையும் கட்டிவிட்டுத் தகுதியையும் இழப்பீர்கள்.

கையிலுள்ள கடிதத்தையும் ஒருமுறை பாருங்கள். ‘எங்கிருந்தும்’ என்பது போதாது. ‘ஸ்பெயினிலிருந்து’ என்ற சொல் அதில் இருக்க வேண்டும். பதவி, ஊதியம், வேலையின் தன்மை, சேர்ந்த நாள் எல்லாம் வேண்டும். நிறுவனம் தொடங்கி ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும். அதற்குப் பதிவுச் சான்று தனியாக வைக்க வேண்டும்.

மதுரை வாசகர்: நான் ஃப்ரீலான்ஸ் டிசைனர். அமெரிக்க வாடிக்கையாளர் இருவர், பார்சிலோனாவில் ஒருவர். சிக்கல் வருமா?

சுயதொழிலாளருக்கு ஸ்பெயின் வாடிக்கையாளர் இருக்கலாம். அவர் தரும் வேலை மொத்தத்தில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சம்பள ஊழியருக்கு அந்தச் சலுகைகூட இல்லை. அமெரிக்க வாடிக்கையாளர்களோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் உண்டா? மின்னஞ்சலில் ‘ஓகே’ சொன்னது ஒப்பந்தம் ஆகாது. தொடங்கி ஓராண்டு ஆன நிறுவனமாகவும் அது இருக்க வேண்டும்.

போனபின் ஆகும் செலவையும் கேளுங்கள். புதிதாகப் பதிவு செய்யும் சுயதொழிலாளருக்கு முதல் 12 மாதம் சலுகைச் சந்தா, மாதம் சுமார் 80 யூரோ. பிறகு நிகர வருமானத்தைப் பொறுத்து 2025 அட்டவணைப்படி மாதம் 200 முதல் 590 யூரோ வரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருமான வரி முன்பணமும் (படிவம் 130, நிகர லாபத்தில் 20 சதவீதம்) மதிப்புக்கூட்டு வரிக் கணக்கும் (படிவம் 303) தாக்கல் செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு அனுப்பும் விலைப்பட்டியலில் மதிப்புக்கூட்டு வரி வராது. வராது என்பதற்காகக் கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டால் அபராதம் வரும். ‘ஹெஸ்தோர்’ எனப்படும் உள்ளூர்க் கணக்கர் ஒருவரை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள்.

திருநெல்வேலி வாசகர்: சுற்றுலா விசாவில் போய் அங்கேயே விண்ணப்பிக்கலாம் என்கிறார்களே, சட்டப்படி சரியா?

சரிதான். தூதரகத்தில் விண்ணப்பித்தால் கிடைப்பது அதிகபட்சம் ஓராண்டு விசா. ஸ்பெயினுக்குள் முறையாக இருக்கும்போது விண்ணப்பித்தால் மூன்றாண்டு வரை குடியிருப்பு அனுமதியே கிடைக்கும். பிறகு இரண்டாண்டு நீட்டிப்பு. விண்ணப்பத்தைப் பார்ப்பது உள்ளூர் குடியேற்ற அலுவலகம் அல்ல, மத்ரீதில் உள்ள உ.ஜி.இ. என்ற தனிப் பிரிவு. எல்லாமே இணைய வழி. 20 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே சட்டம் கொள்ளும். நம் ஊர் அலுவலகங்களில் பழகியவர்களுக்கு நம்புவதற்குக் கொஞ்சம் சிரமமான விதி!

ஆனால் சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்காரர்கள் விசா இல்லாமலே 90 நாள் போய் நிதானமாகச் செய்யக்கூடிய காரியம் இது. இந்தியருக்குக் கிடைப்பது பல நேரம் 15 அல்லது 20 நாள் ஷெங்கன் விசா. அதற்குள் தாக்கல் செய்தாக வேண்டும். இணையத்தில் தாக்கல் செய்ய ஸ்பெயினின் டிஜிட்டல் சான்றிதழ் வேண்டும். போன வாரம் இறங்கியவரிடம் அது இருக்காது. ஆகவே வழக்கறிஞர் ஒருவரைப் பிரதிநிதியாக வைக்க வேண்டும். எல்லாக் காகிதமும் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு ஒட்டித் தரும் சான்று முத்திரை), மொழிபெயர்ப்பு முடிந்து விமானம் ஏறும் முன்பே கையில் இருக்க வேண்டும். குறை இருந்தால் திருத்திக் கொடுக்க 10 வேலை நாள் தருவார்கள். சென்னையிலிருந்து ஒரு சான்றுக்கு அப்போஸ்டில் வாங்கி அனுப்ப அது போதாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கையில் ஸ்பெயினை விட்டு வெளியே போனால், ஒருமுறை நுழைவு விசாக்காரர் திரும்ப முடியாது. தவிர, சுற்றுலாவுக்கு என்று எழுதிக் கொடுத்து விசா வாங்கிவிட்டுக் குடியேறப் போவது உங்கள் அடுத்த விசாவுக்கு உதவும் பழக்கமல்ல. குடும்பத்தோடு போகிறவர்களுக்குத் தூதரக வழியே நல்லது என்பது எங்கள் கருத்து.

திருச்சி வாசகி: என்னென்ன சான்றுகள், எந்த வரிசையில்?

நேரம் அதிகம் பிடிப்பதை முதலில் தொடங்குங்கள். அது பட்டச் சான்று. (பட்டம் இல்லாவிட்டால் அதே துறையில் மூன்றாண்டு அனுபவம் போதும்.) மாநில அரசின் சரிபார்ப்பு முடிந்த பிறகே வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். திருமணச் சான்றும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றும் அப்படியே. நிறுவனத்தின் பதிவுச் சான்று வணிக ஆவணம் என்பதால் வர்த்தக சபையின் கையொப்பம் வாங்கி அமைச்சகத்துக்குப் போகும். கடவுச்சீட்டு அலுவலகம் தரும் காவல்துறைச் சான்றைக் கடைசியில் வாங்குங்கள். அது பழசானால் ஏற்க மாட்டார்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு.

அப்போஸ்டில் ஒட்டிய பிறகுதான் ஸ்பானிய மொழிபெயர்ப்பு, ஏனென்றால் அந்த முத்திரையையும் மொழிபெயர்க்க வேண்டும். முன்னதாகவே மொழிபெயர்த்துவிட்டு இரண்டாம் முறை காசு கொடுத்தவர்கள் ஏராளம். மொழிபெயர்ப்பவர் ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகத்தின் பட்டியலில் உள்ள உறுதிமொழி மொழிபெயர்ப்பாளராக இருக்க வேண்டும். ‘ஸ்பானிஷ் தெரிந்தவர்’ போதாது.

இனி நம் ஊருக்கே உரிய தலைவலி: இனிஷியல். பட்டச் சான்றில் ‘எம். கண்ணன்’, கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் ‘முத்துசாமி’, பெயர் ‘கண்ணன்’, சம்பளச் சீட்டில் ‘கண்ணன் எம்.’ என்று இருக்கும். ஸ்பானியர்கள் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள்; ஒற்றை எழுத்து ஒரு பெயர் என்பது அவர்களுக்குப் புரியாது. இவை மூன்றும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அதற்கும் அப்போஸ்டில், மொழிபெயர்ப்பு செய்து வையுங்கள். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், முதலில் கடவுச்சீட்டைத் திருத்திக்கொண்டு மற்றவற்றைத் தொடங்குங்கள். பின்னால் வங்கி, வரி, குடியிருப்பு அட்டை என்று ஒவ்வோர் இடத்திலும் அந்தக் காலிக் கட்டம் துரத்தும்.

சிங்கப்பூர் வாசகர்: இந்தியக் கடவுச்சீட்டு, நான்கு ஆண்டாகச் சிங்கப்பூரில் வேலை. காவல்துறைச் சான்று எங்கே வாங்குவது?

கடந்த இரண்டாண்டில் வசித்த நாட்டில், அதாவது சிங்கப்பூர்க் காவல்துறையிடம். ஐந்தாண்டுக்கும் குற்றப் பதிவு இல்லை என்று நீங்களே ஓர் உறுதிமொழி தர வேண்டும். சில தூதரகங்கள் ஐந்தாண்டுக்கும் சான்றே கேட்பதுண்டு என்பதால் இந்தியச் சான்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகி: கணவருக்கு விசா கிடைத்தால் நான் அங்கே வேலைக்குப் போகலாமா? பிள்ளைகள் எந்த மொழியில் படிப்பார்கள்?

போகலாம். இதில் ஒரு வேடிக்கை: உங்கள் கணவர் ஸ்பெயின் நிறுவனத்தில் சேர முடியாது, நீங்கள் சேரலாம். 6 முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. அரசுப் பள்ளியில் கட்டணமில்லை. பார்சிலோனா என்றால் பாடமொழி கத்தலான், வலென்சியாவில் வலென்சியானோவும் சேரும். பிள்ளைகள் ஸ்பானிஷ் மட்டும் படித்தால் போதும் என்று நினைத்தால் மத்ரீத், மாலகா பக்கம் வீடு பாருங்கள்.

சென்னை, அண்ணாநகர் வாசகர்: 24 சதவீதம்தான் வரி, மற்றபடி ஒன்றுமில்லை என்று கேள்விப்பட்டேன்.

பாதி சரி. கால்பந்து வீரர் பெக்காமின் பெயரால் அழைக்கப்படும் சிறப்பு வரி முறை அது. 6 லட்சம் யூரோ வரை 24 சதவீதம். வந்த ஆண்டும் அடுத்த ஐந்து ஆண்டும் செல்லும். முந்தைய ஐந்தாண்டு ஸ்பெயினில் வரிக்குடியாக (வரிக் கணக்கில் அந்நாட்டில் குடியிருப்பவராக) இருந்திருக்கக் கூடாது. சமூகப் பாதுகாப்பில் பதிவான ஆறு மாதத்துக்குள் படிவம் 149 கொடுக்க வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் போயிற்று. ஆனால் தொலைவேலைக்காரர்களில் இது சம்பள ஊழியருக்குத்தான் இயல்பாகப் பொருந்தும். சாதாரணச் சுயதொழிலாளருக்குக் கிடைப்பது கடினம். பெருங்குடி வாசகிக்குச் சொன்ன இரண்டாம் வழி அனுமதியைத் தரும், இந்த வரிச் சலுகையைப் பறிக்கும். பொது விகிதம் 19 சதவீதத்தில் தொடங்கி, 35,200 யூரோவுக்கு மேல் 37, 60,000-க்கு மேல் 45 என்று ஏறும். கிளம்பும் முன் இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பெக்காம் முறையில் இல்லாதவர் உலகம் முழுக்க ஈட்டும் வருமானத்துக்கும் அங்கே வரி கட்ட வேண்டும். பி.பி.எஃப். வட்டிக்கு இந்தியாவில் விலக்கு என்பதால் அங்கும் விலக்கு என்று கொள்ளாதீர்கள். வங்கி வைப்பு, பங்கு, வீடு ஆகியவற்றில் ஏதாவது ஒரு வகை 50,000 யூரோவைத் தாண்டினால் மார்ச் 31-க்குள் படிவம் 720-இல் அறிவிக்க வேண்டும். சென்னையில் ஒரு ஃபிளாட் இருந்தாலே பெரும்பாலும் தாண்டிவிடும். இது அறிவிப்பு மட்டுமே, தனி வரி இல்லை.

இந்தியப் பக்கத்தில், வேலைக்காக வெளிநாடு போகும் குடிமகன் அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இங்கே இருந்தால் வரிக் கணக்கில் குடியிராதவர் (என்.ஆர்.ஐ.) ஆவார். ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28-ம் தேதியோடு 181 நாள். ஸ்பெயினுக்கோ ஜனவரி முதல் டிசம்பர் கணக்கு. 183 நாளைத் தாண்டினால் வரிக்குடி. குடியிராதவர் ஆனபின்னும் சம்பளம் இந்திய வங்கியில் வந்து விழுந்தால் ‘இந்தியாவில் பெற்ற வருமானம்’ என்ற வழக்கு எழலாம். ஸ்பெயின் கணக்குக்கே நேராக வரவழையுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: அனுமதி கையில் வந்தது. அடுத்து?

வீடு. வாடகைக்குப் பேசும்போதே ‘எம்பத்ரோனமியெந்தோ’ செய்ய அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள். நகராட்சியில் உங்கள் முகவரியைப் பதிவு செய்வது அது. அது இல்லாமல் பள்ளி, மருத்துவ அட்டை, குடியிருப்பு அட்டை எதிலும் தடுமாற்றம். குறுகிய காலக் குடியிருப்புகளில் உரிமையாளர்கள் மறுப்பதுண்டு. சட்டப்படி ஒரு மாத முன்பணம். கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம் வரை கேட்கலாம்.

மூன்றாண்டு அனுமதி பெற்றவர் ஒரு மாதத்துக்குள் தேசியக் காவல்துறை அலுவலகத்தில் விரல் ரேகை வைத்து டி.ஐ.இ. எனும் குடியிருப்பு அட்டைக்குப் பதிய வேண்டும். அதற்கான முன்பதிவு பெரிய நகரங்களில் கிடைப்பது தட்கல் டிக்கெட் கதைதான். அங்கும் இடைத்தரகர்கள் காசுக்கு விற்கிறார்கள். முன்பதிவு இலவசம், வாங்காதீர்கள். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்தில் தளத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பக்கத்துச் சிற்றூர் அலுவலகத்தையும் அதே மாகாணத்துக்குள் முயலலாம்.

சேலம் வாசகர்: இவ்வளவு தொல்லை இல்லாத நாடு ஏதும் உண்டா?

ஓராண்டு, ஒன்றரை ஆண்டு போதும் என்றால் குரோஷியா. வெளிநாட்டு முதலாளியிடம் ஈட்டும் வருமானத்துக்கு வரி கிடையாது. 2025-இல் மாதம் 3,295 யூரோ காட்ட வேண்டியிருந்தது. 18 மாதத்துக்கு மேல் தொடர முடியாது. மலேசியாவின் ‘டி.இ. ராந்தாவ்’ தகவல் தொழில்நுட்பத்தாருக்கு ஆண்டுக்கு 24,000 டாலர் கேட்கிறது. அதிகபட்சம் 24 மாதம். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் இட்லியும் கிடைக்கும். குடியேறி நிலைக்க நினைப்பவருக்கு இவை இரண்டும் ஆகாது.

வேலூர் வாசகர்: ஸ்பெயின் குடியுரிமை எப்போது?

ஐந்தாண்டில் நீண்டகாலக் குடியிருப்பு. அதற்குள் மொத்தம் 10 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. குடியுரிமைக்குப் பத்தாண்டு. வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

நாகர்கோவில் வாசகர்: இந்திய அணியோடுதான் என் வேலை. நேர வித்தியாசம் தாங்குமா?

கோடையில் மூன்றரை மணி நேரம், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை. இங்கே காலை 9.30 கூட்டம் என்றால் அங்கே கோடையில் ஆறு மணி, குளிர்காலத்தில் ஐந்து மணி. மதியம் இரண்டு மணிக்குள் வேலை முடிந்துவிடும். ஸ்பானியர்கள் அப்போதுதான் மதிய உணவுக்கு உட்காருவார்கள். இரவு உணவு ஒன்பது, பத்து. அந்த நேரத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். கீழ்த்தளத்தில் உணவகம் இல்லாத வீடாகப் பாருங்கள்.

புதுச்சேரி வாசகி: கிளம்பும் முன் மறந்துவிடக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

இந்திய செல்பேசி எண். வங்கி, வருமான வரித் தளம், ஆதார், பி.எஃப். எல்லாவற்றின் ஓ.டி.பி.யும் அதற்குத்தான் வரும். ரோமிங்கை இங்கிருக்கும்போதே இயக்கி, எண் செத்துப்போகாத அளவுக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் குடியிருப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றும் படிவத்தையும் வங்கியில் நேரில் கேட்டு வாங்கிவிடுங்கள்; அங்கிருந்து கையொப்பம் சரிபார்க்க அனுப்பினால் மாதக்கணக்கில் இழுக்கும்.